பிடிமண்

பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. நீராட்டெல்லாம் ஆவுடையாருக்குத்தான். மூலவர் மண் லிங்கம். நீர் பட்டால் கரைந்துவிடும் என்று புனுகு சாத்துவார்கள். கம்பை ஆற்றங்கரையில், மாமரத்தடியில், அம்மன் தன் கையால் மணலைப் பிடித்து வைத்தாள். ஆறு பெருகி வந்தபோது ஓடாமல் அதைக் கட்டி அணைத்துக்கொண்டாள். அணைத்த தழும்பு அதன்மேல் பதிந்தது, அதனால் தழுவக் குழைந்த நாதர் என்று பெயர். ஊருக்கு வருகிறவர்கள் 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து அந்தத் தழும்பின்மேல்தான் நினைப்பு. "அம்மா பிடிச்ச மண்ணுடா, அதான் கரையல" என்று ஆயா சொல்வாள்.

பிடித்த மண் என்றதும் தெற்கே ஒரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடத்த ஊர் முடிவு செய்தால், முதலில் ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குயவரான வேளார் கையில் கொடுக்க வேண்டும். பிடிமண் கொடுத்த பிறகுதான் அவர் மண்குதிரை செய்யத் தொடங்குவார். மண் ஊருடையது, கை வேளாருடையது, குதிரை சாமியுடையது. மூன்றும் சேர ஒரு சம்மதம் வேண்டியிருக்கிறது. அந்தச் சம்மதத்தைக் கேட்காமல் தோண்டி எடுத்த மண்பாண்டங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் நீலகிரிச் சுடுமண் கலங்கள் இருக்கின்றன. பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அடுக்கு வைத்தாற்போல் வளையம் வளையமாக உயர்ந்த ஜாடிகள். அவற்றின் மூடிகள்மேல் உருவங்கள்: கொம்பு வளைந்த எருமை, யானை, நாய், குதிரையேறிய ஆள், தாடி வைத்த ஆண், பெண். எருமைகள்தான் அதிகம். கழுத்தில் மணி கட்டிய எருமையும் உண்டு. கைதேர்ந்த சிற்பியின் நளினம் அவற்றில் இல்லை. விரலால் கிள்ளி, இழுத்து, ஒட்டி, குச்சியால் கண்ணைக் குத்தியிருக்கிறார்கள். ஆனாலும் எருமை தலையைத் தூக்கும் அந்த ஒரு கணத்தை அறிந்த கை அது. எருமையோடு வாழாதவரால் அதைச் செய்திருக்க முடியாது.

இவை மலையுச்சிகளில் கல் அடுக்கிய வட்டங்களுக்குள், இறந்தவர்களின் சாம்பலோடும் எலும்போடும் வைக்கப்பட்டவை. வெண்கலக் கிண்ணங்களும் பொன் நகைகளும்கூட அவற்றோடு கிடைத்தன. 1840-களில் கேப்டன் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி பல வட்டங்களைத் திறந்தார். பிறகு நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் முறையாகவே தோண்டினார். 1872-இல் அவர் இறந்தபின், அவர் மனைவி முயன்று 1873-இல் அவருடைய நூலை வெளிக்கொண்டு வந்தார். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளியைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பெயர் இவருடையதுதான். அவர் சேகரித்தவை சென்னைக்கு வந்தன. நீலகிரிப் பொருட்களில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1901-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைத் தொகுப்புக்கு அட்டவணை தயாரித்தார்.

தோண்டியவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் எழுதிவைக்காவிட்டால் எந்த மலையில் எது கிடைத்தது என்பதே தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் அங்கே நின்ற காலத்தையும் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819-இல். மூன்றே ஆண்டில் ஊட்டியில் கல் பங்களா எழும்பத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் வெள்ளைக்காரர் பெரும்பாலும் ஆண்டார்கள், வரி வாங்கினார்கள், ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பினார்கள். நீலகிரி போன்ற மலைகளிலோ அவர்கள் வீடு கட்டி, தோட்டம் போட்டு, தேவாலயமும் கல்லறையும் அமைத்து, தங்க வந்தவர்களாக நடந்துகொண்டார்கள். மலைப் பழங்குடிகளான தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளியில் தைலமரம் வந்தது, காபி வந்தது, சின்கோனா வந்தது, தேயிலை வந்தது. நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று சல்லிவனே வாதாடியும் அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்ததைக் குடியேற்றக் காலனியம் என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆளுவதோடு நில்லாமல், வந்தவரே மண்ணுக்குச் சொந்தக்காரராகி, இருந்தவரை விருந்தாளியாக்கும் முறை அது. அதன் ஒரு சின்னக் கிளை நம் மலையிலும் வேர்விட்டது.

அந்த முறைக்கு ஒரு பழக்கம் உண்டு. மண்ணுக்கடியில் அழகான ஏதாவது கிடைத்தால், அது இங்கே இருப்பவர்களுடைய முன்னோர் செய்ததாக இருக்க முடியாது என்று முதலில் தோன்றும். அமெரிக்காவின் பெரிய மண்மேடுகளைக் கட்டியது மறைந்துபோன ஏதோ ஓர் இனம் என்று பல தலைமுறை நம்பினார்கள். 1894-இல் சைரஸ் தாமஸ் அறிக்கை எழுதித்தான் அந்தக் கதையை முடித்துவைத்தார். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் கல்மதில்களுக்கும் இதே கதி. நீலகிரியில் காங்கிரீவ் தோடர்களின் பூர்வீகத்தைச் சித்தியரிடமும் கெல்ட்டியரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூடிமேல் நிற்கும் எருமை எதிரே மேய்ந்துகொண்டிருந்தபோது, பார்வை மத்திய ஆசியாவுக்குப் போனது.

இந்தக் கலங்களைச் செய்தவர் யார் என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. தோடர் மண்பாண்டம் செய்வதில்லை. அவர்களுக்குப் பானை கொடுத்தவர்கள் கோத்தர். நீலகிரியில் கோத்தர்களுக்கு ஏழு ஊர். கோத்தகிரி என்ற பெயரே அவர்களுடைய தெருவைக் குறித்தது. ஆண்கள் கொல்லரும் தச்சரும் இசைக்காரர்களும். மண்பாண்டம் பெண்களுடைய தொழில். தோடரின் நெய்க்கும், படகரின் தானியத்துக்கும், குறும்பரின் காட்டுப் பொருளுக்கும் ஈடாக அந்தப் பானைகள் மலை முழுதும் போயின. பணமும் சந்தையும் ஏறிவந்தபோது அந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது. 1930-களில் படகர்கள் பலர் கோத்தர் இசையை வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். பிறகு அலுமினியமும் எவர்சில்வரும். வாங்க ஆள் இல்லாமல் பானை என்ன செய்யும்?

எருமை தோடருடையது, பிடித்த கை ஒரு கோத்தர் மூதாட்டியுடையது என்று நான் மனத்தில் ஒரு காட்சி வைத்திருக்கிறேன். வரலாறு என்று சொல்லவில்லை, கற்பனை என்றே சொல்கிறேன். இழவு வீட்டிலிருந்து ஒருவர் வந்து, இறந்தவனுக்குப் பிடித்த எருமையின் கொம்பு எப்படி வளைந்திருக்கும் என்று கையால் காட்டுகிறார். அவள் மண்ணைக் கிள்ளுகிறாள். இப்படிக் கற்பனை செய்ய எனக்கு உரிமை குறைவு. செய்ய வேண்டியவர்கள் அந்த மலையில் இருக்கிறார்கள். வேறு நாடுகளில் அவர்களைப் போன்றவர்கள் இதைச் செய்துவிட்டார்கள், களிமண்ணிலேயே.

அதைச் சொல்லுமுன் எங்கள் தெருவைப் பற்றி ஒன்று. பெரியப்பா கோர்வைத் தறி நெய்தவர். ஒரு நாள் யாரோ பழைய புடவையின் கரைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மற்றதெல்லாம் ஜரிகைக்காக உருக்கப்பட்டுவிட்டது. நான்கு விரல் அகலம் மிஞ்சியிருந்தது. பெரியப்பா அதைப் பின்பக்கமாகத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து, ஊசி முனையால் இழை இழையாக எண்ணினார். மூன்று நாள். கிழிந்துபோன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று துண்டில் இருந்ததை வைத்தே ஊகித்தார். பிறகு கட்டம் போட்ட தாளில் எழுதி, தறியில் ஏற்றினார். பழசு அப்படியே வந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனால் நெசவு தெரிந்தவரின் ஊகம் அது. ருக்மிணி தேவி 1937-இல் கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடம் தொடங்கி, பழைய புடவைகளைப் பார்த்துப் பழைய கரைகளை மீட்டதும் இந்த வழியில்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி மேட்டுநிலத்தில், ஹானோ என்ற ஊரில் நம்பேயோ என்ற பெண் இதையே களிமண்ணில் செய்தார். அவர் பிறந்தது 1859 வாக்கில். அவர் காலத்துப் பானை வேலை தேய்ந்து போயிருந்தது. அருகே சிக்யாட்கி என்ற பாழடைந்த ஊரின் ஓடுகளில், பறவைச் சிறகும் சுருளுமாக வேறொரு கோலம். 1895-இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் அங்கே அகழ்ந்தபோது நம்பேயோவின் கணவர் லெசு அங்கே வேலை பார்த்தார். அதற்கு முன்பே நம்பேயோ பழைய ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்துக் கற்கத் தொடங்கியிருந்தார். உடைந்த ஓட்டில் பாதிச் சிறகு இருக்கும், மீதியை அவர் கை முடித்தது. முதுமையில் கண்பார்வை போனபின்னும் தடவித் தடவியே பானை வனைந்தார். கோலம் தீட்டியவர்கள் மகள்கள். 1942-இல் மறையும்வரை மண் அவர் கையைவிட்டுப் போகவில்லை.

அவர் மீட்டது வடிவத்தை. நியூ மெக்ஸிகோவின் கொச்சிட்டி ஊரைச் சேர்ந்த விர்ஜில் ஓர்ட்டிஸ் மீட்க எடுத்தது ஒரு போரை. 1680 ஆகஸ்டில் அந்த வட்டாரத்துப் பழங்குடிகளான பியூப்ளோ மக்கள் ஸ்பானியர்களுக்கு எதிராக ஒன்றாக எழுந்தார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பு சவுக்கடி பட்ட போப்பே அதற்குத் தலைவர். பல மொழி பேசிய ஊர்களுக்கு அவர் அனுப்பிய செய்தி, முடிச்சுப் போட்ட கயிறு. நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாளில் எழ வேண்டும். முடிச்சை எண்ணிப் பிழைக்கும் ஊரில் பிறந்த எனக்கு இந்தக் கயிறு மிகவும் பிடிக்கும். அவர்கள் ஸ்பானியரை வெளியேற்றி 12 ஆண்டு மண்ணைத் தம் கையில் வைத்திருந்தார்கள். அமெரிக்கப் பள்ளிப் பாடங்களில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு என்பது ஓர்ட்டிஸின் ஆதங்கம். பாட்டியும் தாயும் கற்றுத்தந்த அதே கொச்சிட்டி மண்ணில், அதே சூட்டில், அவர் 2180-ஆம் ஆண்டின் வீரர்களைச் செய்கிறார். கிளர்ச்சிக்கு 500 ஆண்டு கழித்து வரும் அந்த வான்வீரர்களுடைய வேலை என்ன தெரியுமா? போர்க்களங்களில் சிதறிய பானை ஓடுகளைத் தேடிச் சேர்ப்பது. எதிர்காலத்திலும் நம்மை அழிக்க வருவார்கள், அதனால் ஓட்டைப் பொறுக்கி வை என்கிறது அந்தக் கதை.

அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி நிலத்தில் பிறந்த கன்னுபா ஹன்ஸ்கா லூகர் வேறு வழியில் போனார். காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களும் மற்றவர்களும் புள்ளிவிவரமாக மட்டும் மிஞ்சியதைப் பொறுக்காமல், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மக்களிடம் ஆளுக்குச் சில களிமண் மணிகளை உருட்டித் தரச் சொன்னார். 4,000-க்கும் மேற்பட்ட மணிகள் வந்தன. 2018-இல் அவற்றைக் கோத்துத் தொங்கவிட்டபோது, தூர நின்று பார்க்க ஒரு பெண்ணின் முகமானது. கிட்டே போனால் ஒவ்வொரு மணியிலும் யாரோ ஒருவருடைய விரல்.

என் மனத்தை அதிகம் அசைத்தவர் இவர்கள் யாருமில்லை. ஆஸ்திரேலியாவின் வடமுனையில் கேப் யார்க்கில் நாப்ரனம் ஊரில் 1937-இல் பிறந்த தன்கூப்பி. அவர் மக்களுக்குக் களிமண் சடங்குக்கான பொருள், உடம்பில் பூசிக்கொள்வது. பானை வனையும் வழக்கமே இல்லை. 1957-இல் குயின்ஸ்லாந்து அரசு அங்கே பாக்ஸைட் சுரங்கத்துக்காகப் பெருநிலத்தை எழுதிக் கொடுத்தது. 1963-இல் அதே கரையோர ஊரான மபூனிலிருந்து மக்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியது, வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தச் செம்மண்ணைக் கப்பல் கப்பலாக அள்ளிப்போன காலத்தில், 1971-இல், தன்கூப்பி சிட்னிக்குப் போய் மண்பாண்டக் கலை படித்தார். அவர் செய்தவை உருண்டைக் கலங்கள். அவற்றின்மேல் தம் குலத்தின் கதைகளைக் கீறினார்: மீன், பாம்பு, பறவை, படைப்பின் பாதைகள். மணலில் பெரியவர்கள் வரைந்து சொல்லிவிட்டுக் கையால் அழித்துவிடும் கதைகள், அவர் கையில் சூளையில் வெந்து அழியாதவை ஆயின. தம் மக்களின் தைனக்வித் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறை அவர். அதற்கு அகராதியும் செய்துவைத்தார்.

அவர் மறைந்தது 2011-இல். ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்குப் பானை செய்யத் தெரியாது என்பது அப்போதும் பாடப்புத்தக உண்மை. 2024-இல் ஆய்வாளர்கள், டிங்கால், நுருமுங்கு மக்களோடு சேர்ந்து நடத்திய அகழாய்வை வெளியிட்டார்கள். அதே கேப் யார்க்கின் கிழக்குக் கரையில், 1770-இல் கேப்டன் குக் இறங்கிய லிசர்ட் தீவில் (அந்த மக்களுக்கு அது ஜீகுறு), சிப்பிக் குவியலுக்குள் 2,000 முதல் 3,000 ஆண்டு பழைய பானை ஓடுகள். உள்ளூர் மண்ணில் செய்தவை. தன்கூப்பி தாம் புதிதாகத் தொடங்குவதாக நினைத்த தொழில் கேப் யார்க்குக்குப் பழையது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் இன்னும் 13 ஆண்டு இருந்திருக்கலாம்.

நீலகிரிக்குத் திரும்பும் வழியில் ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2023-இல் பியூப்ளோ மண்பாண்டக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு சாண்டா ஃபேயில் தொடங்கி அங்கே வந்த கண்காட்சி அது. எந்தப் பானையை வைப்பது, அதன் அடியில் என்ன எழுதுவது என்று முடிவு செய்தவர்கள் 21 பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். பானையின் உயரமும் காலமும் மட்டும் எழுதாமல், என் பாட்டி இதில் என்ன வைத்திருப்பாள் என்று எழுதினார்கள். எழும்பூரில் இது நடக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். மண் தெரிந்த கோத்தர் பெண்கள் சிலரையும், எருமை தெரிந்த தோடர் பெரியவர்கள் சிலரையும் அழைத்துவந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அந்த மூடிகளைக் கையில் கொடுக்க வேண்டும். இது எப்படிச் செய்தது என்று அந்தக் கைகளிடம் கேட்க வேண்டும். அவர்கள் விரும்பினால் கொஞ்சம் களிமண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். பிடிமண்ணைக் காலம் கடந்தாவது கொடுப்போம். லண்டனில் இருப்பவற்றைப் பற்றி அடுத்துப் பேசலாம்.

கோத்தரும் தோடரும் மலையில் இருக்கிறார்கள். எங்கள் ஊரைச் சுற்றியே இருப்பவர்கள் இருளர். மலைவாசிகளைப் போலவே, மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு குறித்துவைத்த ஆறில் அவர்களும் ஒன்று. இந்த மண்ணின் பழங்குடி என்று அவர்களைச் சொல்கிறோம், ஆனால் பல்லவர் தலைநகரான இந்த ஊரின் வரலாற்றுப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பத்தி கிடையாது. ஏரியும் காடும் கைவிட்டுப் போனபின் எத்தனையோ குடும்பங்கள் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்ச் சேர்ந்தன. முன்பணம் வாங்கினால் குடும்பமே கல் அறுக்க வேண்டும், கணக்கு தீராது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளிலிருந்து இருளர்கள் மீட்கப்படும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

மண்ணைப் பிசைவதிலும் அச்சில் அடிப்பதிலும் அந்தக் கைகளுக்கு இணையில்லை. மாசி மகத்துக்கு மட்டும் அதே கைகள் தமக்காக மண்ணைத் தொடுகின்றன. பல மாவட்டங்களிலிருந்தும் இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். விடியலில் கடலோரத்தில் மணலைக் குவித்து, தட்டி, படி படியாக அமைத்து, பூ வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணங்கள் அங்கேயே நடக்கும். சற்றுத் தள்ளி பல்லவர் கல்லில் செதுக்கிய கோயிலைப் பார்க்கச் சீட்டு வாங்கி ஆயிரம் பேர் நிற்பார்கள். மணலில் பிடித்த கோயிலைப் பார்க்க யாரும் சீட்டு வாங்குவதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒரு பக்கம் பூசாமல் விட்டிருக்கிறது. அதில் இடுப்புயரத்தில் உள்ள ஒரு செங்கல்லில் நான்கு விரல் தடம் பதிந்திருக்கும். ஈரக் கல்லை வெயிலில் திருப்பிப் போடும்போது அழுந்தியது. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று போய் என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. அது ஒரு குழந்தையின் கை.